பேட்மிண்டன் டபுள்ஸுக்கு எந்த ராக்கெட்: ஹெட் ஹெவியா, ஹெட் லைட்டா?

சேலத்தில் மாலை நேரத்தில் டபுள்ஸ் ஆடுபவர்கள் பலர் முதலில் கேட்பது ஹெட் ஹெவிதான், அதாவது தலைப்பக்கம் கனமான ராக்கெட். எல்லாம் ஸ்மாஷ் ஆசை, மேலிருந்து ஓங்கி அடிக்கத்தான்! பின்கோர்ட்டிலேயே நின்று அடிப்பவருக்கு அது சரி. யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 88டி அந்த ரகம். ஆனால் டபுள்ஸில் ஷட்டில் நெஞ்சுயரத்தில் தட்டையாக, வேகமாகத் திரும்பி வரும். அடித்த கையை மறுபடி தூக்கவே நேரம் இருக்காது. டிரைவ் (தட்டையாக வேகமாக அடிப்பது), தடுப்பு, நெட் ஆட்டம் எல்லாவற்றுக்கும் நானோஃப்ளேர் 700 போன்ற, தலைப்பக்கம் கனம் குறைந்த ஹெட் லைட்தான் சட்டென்று திரும்பும். என் ஓட்டு இதற்கே.

எடை தனிக் கணக்கு: 4யூ என்று குறித்த ராக்கெட் 80–84 கிராம், 3யூ 85–89. புதியவருக்கு 4யூ போதும்.

அப்புறம், ஏற்காட்டில் ஆடுபவர்கள் ராக்கெட்டை மாற்ற வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ஷட்டில் பறக்கும். வேகம் குறைந்த ஷட்டிலாக வாங்குங்கள்.