தோல் கிளினிக்: அரச வைத்தியசாலையா, சனலிங் நிலையமா, அழகு நிலையமா?

மட்டக்களப்பில் தோலில் தேமலோ தடிப்போ கண்டால் போக மூன்று இடங்கள் உண்டு. போதனா வைத்தியசாலையின் இலவசக் கிளினிக், காசு கட்டி நிபுணரைப் பார்க்கும் சனலிங் நிலையம், தோல் சிகிச்சை என்று பலகை மாட்டிய அழகு நிலையம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கூட்டத்தையும் குளிரூட்டியையும் பார்த்துத்தான் தரத்தை மதிப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. குத்திய ஊசி எங்கே போகிறது, வெட்டிய தோல் எங்கே போகிறது, தந்த மருந்து எந்தக் கொப்பியில் ஏறுகிறது?

மரு எடுப்பதையே பாருங்கள். திரவ நைதரசனின் வெப்பநிலை மறை 196 பாகை செல்சியஸ். பஞ்சுக் குச்சியை அதில் தோய்த்து மருவின் மேல் வைப்பார்கள். அதே குச்சியை மறுபடி பெரிய பாத்திரத்தில் விட்டால், மருவை உண்டாக்கும் வைரசும் கூடவே போகும்; அந்தக் குளிரிலும் அது சாகாது. ஆகவே ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றி, புதுக் குச்சி எடுக்க வேண்டும். உலோகக் கருவிகள் என்றால் நீராவி அழுத்தத்தில் 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். கருவிப் பொதியில் ஒட்டிய பட்டையின் கோடு கறுத்திருப்பது சூடு பட்டதற்கு மட்டுமே அடையாளம். கிருமி செத்ததற்கு அத்தாட்சி ஆகாது. பெரிய வைத்தியசாலையில் இதற்கென்றே ஆட்களும் பதிவேடும் இருப்பார்கள். சிறிய நிலையத்தில் எல்லாம் ஓரிருவர் கையில்தான். அங்கே கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் சான்றிதழையும் கேளுங்கள்.

அரச கிளினிக்கின் பலம் தொழுநோய் விடயத்தில்தான் முழுதாகத் தெரியும். வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளர்களைத் தனியே வைத்திருந்த மாவட்டம் இது; அந்த நோய் கிழக்கை விட்டு இன்னும் போகவில்லை. வெளிறிய படையில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். உறுதியானால் கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். வீட்டாரையும் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். இப்படிப் பின்தொடர்ந்து வருவதை எந்தச் சனலிங் துண்டும் செய்யாது.

ஆனால் நெரிசலுக்கும் ஒரு விலை இருக்கிறது. வரிசை நீண்டு கிடக்கும்போது கையைக் காட்டியவரின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. திரை சரியாக மூடாத இடத்தில் ஒரு பெண் எதைக் காட்டுவாள்? இதில் சனலிங் அறையே மேல்: கதவு சாத்தியிருக்கும், கேள்வி கேட்க நேரமும் கிடைக்கும். முதல் தடவை உடம்பு முழுவதையும் காட்ட அங்கே போவது நியாயம்தான். வெட்டுவதற்கும் மாதக்கணக்கில் நீளும் மருந்துக்கும் அரச கிளினிக்குக்கே போகச் சொல்வேன். தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் குடிக்க வேண்டியதைத் தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வாரத்தில் எந்த நாள் என்று பைக்கற்றில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவும் கொப்பியில் ஏற வேண்டும். இரண்டு இடத்துக்கும் போகிறவர் ஒரே கொப்பியைக் கொண்டு திரியட்டும்.

அழகு நிலையத்தை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். முகம் கழுவவும் புருவம் திருத்தவும் போகலாம். வெளுக்கும் கிரீம் வாங்கப் போகாதீர்கள். பாதரசம் கலந்த கிரீம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில கிரீம்களில் கலந்திருக்கும் குளோபெட்டசோல் போன்ற கடும் ஸ்டீரொய்ட் மருந்து தோலை மெலிய வைத்து, படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடும். பிறகு வைத்தியருக்கும் அடையாளம் பிடிபடாது. ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் வெட்கத்தில் அந்த டப்பாவை எறிந்துவிட வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.