ஃபார்மேட் செய்யாமலேயே ஸ்பூலர் கோளாறைத் தீர்த்த ஐந்து ரோடு கடை

சேலம் ஐந்து ரோடு பகுதியில், மாடிப்படிக்கு அடியில் சிறிய இடத்தில் இயங்கும் கணினி சர்வீஸ் கடை ஒன்று எங்கள் பில் கணினியின் அச்சுக் கோளாறைத் தீர்த்த விதம் மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடையின் பில் போடும் கணினி, விண்டோஸ் அப்டேட் முடிந்து மீண்டும் இயங்கியதிலிருந்து எதையும் அச்சிடவில்லை. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸை நாங்கள் தொடக்கினால், ஓடுவதாகக் காட்டிவிட்டுச் சில நொடிகளில் நின்றுவிடும். மகாராஷ்டிரத்துக்கு லோடு அனுப்பும்போது சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் கட்டாயம். அதோடு அச்சிட்ட இன்வாய்ஸும் இல்லாமல் லாரியைக் கிளப்ப முடியாது. முதலில் நாங்கள் கேட்ட வேறொரு கடையில், பார்த்த உடனேயே ஃபார்மேட் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பல வருடக் கணக்கும் பார்ட்டி விவரங்களும் உள்ள கணினியைக் காரணம் தெரியாமல் துடைத்தெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஐந்து ரோடு கடைக்காரர் முதலில் எதையும் அழிக்கவில்லை. சர்வீஸை நிறுத்தி, ஸ்பூல் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் தேங்கிக் கிடந்த அச்சு வேலைகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி தொடக்கினார். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும் என்றார். ஆனால் ஸ்பூலர் மீண்டும் விழுந்தது. அடுத்து, கணினியில் நடந்த கோளாறுகளை விண்டோஸ் பதிந்துவைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். சிஸ்டம் பகுதியில், சர்வீஸ் எதிர்பாராமல் நின்றது என்று சொல்லும் 7031, 7034 பதிவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைவிட அப்ளிகேஷன் பகுதியில் இருந்த 1000 என்ற பதிவுதான் முக்கியம் என்று காட்டினார்; எந்தக் கோப்பு ஸ்பூலரைக் கவிழ்த்தது என்ற பெயர் அதில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் நாங்கள் பயன்படுத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு உரியது அல்ல, எப்போதோ பழைய விலைக்குப் போட்டுவிட்ட லேசர் பிரிண்டருக்கு உரியது.

பிரிண்டரை செட்டிங்ஸில் நீக்கினாலும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கணினியிலேயே தங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். டிரைவரோடு பதிவாகும் மானிட்டர் என்ற மென்பொருள் பகுதியை (கணினித் திரை அல்ல) ஸ்பூலர் தொடங்கும்போதே தனக்குள் ஏற்றிக்கொள்ளும்; அது புதிய அப்டேட்டோடு ஒத்துப்போகாமல் விழுந்தால் ஸ்பூலரையும் சேர்த்தே வீழ்த்தும். டிரைவரை முறைப்படி நீக்க ஸ்பூலர் ஓடவேண்டும், ஸ்பூலர் ஓட அந்த டிரைவர் போகவேண்டும் என்ற இக்கட்டை அவர் அவிழ்த்த விதம்தான் இந்தக் கடையின் உண்மையான தரம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த மானிட்டரின் பதிவை முதலில் தனிக் கோப்பாக பேக்கப் எடுத்துக்கொண்டு, பிறகே அழித்தார். ஸ்பூலர் நிற்காமல் ஓடியது. உடனே பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் என்ற விண்டோஸ் அமைப்புப் பக்கத்தில் அந்த டிரைவரை முழுமையாக நீக்கினார். கணக்கு மென்பொருளைத் தொடவே இல்லை. எங்கள் கண்ணெதிரே மூன்று படி கார்பன் பில் சுத்தமாக வந்தது.

இனி அப்டேட்டே வராதபடி நிறுத்திவிடும்படி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். பிரிண்ட் நைட்மேர் என்று 2021-இல் பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இந்த ஸ்பூலரில்தான் இருந்தது என்றும், அதை அடைத்தது அப்டேட்தான் என்றும் பொறுமையாக விளக்கினார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து காசு வாங்குவதைவிட இது மேலான சேவை என்பது என் கருத்து. கட்டணமும், ஃபார்மேட்டுக்கு முதல் கடையில் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவு.

குறைகளும் உண்டு. வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை. என்னென்ன மாற்றினார் என்பதை வாயால் சொன்னாரே தவிர, பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று மட்டுமே எழுதினார். அழித்த பதிவின் பெயரையும் பேக்கப் கோப்பு இருக்கும் இடத்தையும் நாங்களே கேட்டுக் குறித்துக்கொண்டோம். மாலையில் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்பதால், சிபியூவைத் தூக்கிச் செல்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.