ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தால் மட்டும் போதுமா?

உடைந்த போனை நாமே பிரித்துச் சரிசெய்யவோ, தெருமுனைக் கடையில் கொடுக்கவோ வழிவிட வேண்டும் என்று அமெரிக்காவில் சில மாகாணங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. அவற்றில் நியூயார்க், கலிபோர்னியா, ஓரிகன் மூன்றையும் ஒப்பிட்டால் எனக்கு ஓரிகன் சட்டம்தான் பிடிக்கிறது.

நியூயார்க் சட்டம் 2022 டிசம்பரில் கையெழுத்தானது. முந்திக்கொண்டது சரி, ஆனால் ஓட்டைகள் அதிகம். 2023 ஜூலை 1 முதல் தயாரான கருவிகளுக்குத்தான் அது பொருந்தும். மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த போன்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கலிபோர்னியா அதைவிட எவ்வளவோ மேல். 2021 ஜூலை முதல் தயாரானவை அதில் வருகின்றன; வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் கூட உண்டு. விலை 100 டாலரோ அதற்கு மேலோ என்றால், அந்த மாடலின் தயாரிப்பு நின்று ஏழு ஆண்டுகள் வரை ஸ்பேர் பார்ட்ஸ், பழுதுபார்க்கும் கருவிகள், கையேடு எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் ஸ்பேர் கைக்கு வந்தும் போன் அதை ஏற்காவிட்டால்? 2021-ல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றினால், முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. பழைய டிஸ்ப்ளேயில் இருந்த சின்னஞ்சிறு சிப்பை மைக்ரோஸ்கோப் வைத்துப் பெயர்த்து, புதியதில் பற்றவைக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆப்பிள் அதை ஒரு மென்பொருள் அப்டேட்டிலேயே சரிசெய்தது. அப்படியென்றால் பூட்டு இருந்தது டிஸ்ப்ளேயில் இல்லை, மென்பொருளில்தான். ஒரு பாகத்தை ஒரே போனோடு மென்பொருளால் பிணைத்துவைக்கும் இந்தப் பூட்டுக்குப் பெயர் பார்ட்ஸ் பேரிங்.

2024 மார்ச்சில் கையெழுத்தான ஓரிகன் சட்டம் நேராக இதன்மேல் கை வைத்தது. மாற்றிய பாகத்தை மென்பொருளால் முடக்கக் கூடாது, அதன் திறனைக் குறைக்கக் கூடாது, தவறான எச்சரிக்கை காட்டி வாடிக்கையாளரைப் பயமுறுத்தவும் கூடாது. கூகுள் இந்தச் சட்டத்தை ஆதரித்தது. கலிபோர்னியாவில் ஆதரவு தந்த ஆப்பிள் இங்கே எதிர்த்தது. எந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை. குறை என்றால், 2025-க்கு முன் தயாரான போன்களுக்கு இந்தத் தடை கிடையாது.

நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களை அங்கே ஓரிடத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான். சட்டம் எழுத உட்காரும்போது கலிபோர்னியாவின் ஏழு ஆண்டுகளோடு ஓரிகனின் அந்தத் தடையையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.