கொட்டாரம் சாலையில் ஒரு பஞ்சாபி உணவகமும் அதன் ஞாயிறு வகுப்பும்

ஸ்ரீநகரில் தொடங்கி ஜலந்தர், லூதியானா வழியாகத் தெற்கே இறங்கி வரும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அந்தச் சாலையில் பல ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டி வந்து, தக்கலைப் பக்கம் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்ட ஒரு சர்தார்ஜி, சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் கொட்டாரத்தைத் தாண்டியதும் ஒரு சைவ உணவகம் நடத்தி வருகிறார். கடையின் பெயரையும் தங்கள் பெயரையும் எழுத வேண்டாம் என்று கணவன் மனைவி இருவருமே கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன். இதுவரை ஐந்து முறை சென்றிருக்கிறேன். மூன்று முறை சாப்பிடுவதற்காக, இரண்டு முறை அங்கே ஞாயிறுதோறும் நடக்கும் சீக்கிய நெறி வகுப்புக்காக. இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உணவு. கருப்பு உளுந்தையும் ராஜ்மாவையும் முந்தின இரவே ஊற வைத்து, தணலில் மணிக்கணக்காகக் குழைய விட்டுச் செய்யும் தால் மக்கனிதான் இங்கே தலையாயது. உளுத்தஞ்சோறும் உளுந்தங்களியும் உண்டு வளர்ந்த நமக்கு உளுந்தின் மணம் புதிதல்ல. ஆனால் தோல் நீக்காத முழு உளுந்து நசுங்காமலே வெண்ணெய்போல் கரைந்து, கரண்டியிலிருந்து மெல்ல வழிந்து இறங்குவதை இந்த மாவட்டத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை. மண் தந்தூரில் சுட்ட ரொட்டி ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெதுவாகவும் இருக்கிறது. கடுகுக்கீரை இந்தப் பக்கம் கிடைப்பதில்லை என்பதால் பாலக்கீரையோடு முருங்கைக்கீரை சேர்த்து சாக் செய்கிறார்கள். கடுகுக்கீரையின் உறைப்பு அதில் இல்லை. ஆனாலும் மக்காச்சோள ரொட்டியோடு அது நன்றாகவே சேர்கிறது. சன்னா மசாலாவில் மட்டும் தக்காளியின் புளிப்பு தூக்கலாக இருக்கிறது. இரண்டு ரொட்டி, தால், ஒரு காய், சோறு, தயிர் அடங்கிய சாப்பாடு 150 ரூபாய். பெரிய குவளை லஸ்ஸி 60 ரூபாய். தால், சோறு, காய் ஆகியவற்றை எத்தனை முறை கேட்டாலும் தனிக் காசில்லாமல் பரிமாறுகிறார்கள்.

சீக்கியர் நடத்தும் கடையில் பட்டர் சிக்கன் இல்லையா என்று ஏமாற்றத்தோடு கேட்கும் சுற்றுலாப் பயணிகளை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். தம் வீட்டில் மீன் சமைப்பதுண்டு என்றும், கடையில் சமைப்பதில்லை என்றும் சர்தார்ஜி மறைக்காமல் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை லங்கருக்கு, அதாவது எல்லோருக்கும் இலவசமாக இடும் பொதுப்பந்திக்கு, இதே பாத்திரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். லங்கர் என்றால் அது பொதுவாகச் சைவம். இறைச்சி உண்பது பாவம் என்பதற்காக அப்படி வகுக்கப்படவில்லை, எந்தச் சாதியினரும் எந்தச் சமயத்தினரும் தயங்காமல் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்த வழக்கம் என்று அவர் விளக்கினார். இந்த விளக்கம் எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் தங்கை மகன் தூத்துக்குடியில் படித்தபோது, 2020-21-இல் தில்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தையும் அங்கே போராடுவோருக்கும் வழிப்போக்கருக்கும் ஒன்றாக நடந்த லங்கர்களையும் செய்திகளில் பார்த்து, சீக்கிய நெறியின்மீது ஈடுபாடு கொண்டான். பிறகு முடி வளர்த்தான், தலைப்பாகை கட்டினான். தென் மாவட்டங்களில் அவனைப் போன்ற தமிழ் இளைஞர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவன் முதலில் சேர்ந்தது ஓர் இணையவழி வகுப்பு. அங்கே முதல் மூன்று வாரமும் எதைத் தின்னக் கூடாது என்பதிலேயே கழிந்தன. கேள்வி கேட்டவர்களை வாயடைக்க வைத்தார்கள். மீன் இல்லாமல் ஒரு நாளும் அடுப்பு எரியாத கடலோர வீடு எங்களுடையது. ஒரு நாள் அவன் அம்மா வைத்த நெத்திலிக் குழம்பைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். தங்கை அன்று முழுக்க அழுதாள். அவன் மீன் உண்ணாததற்காக அவள் அழவில்லை, தன் கையால் இட்ட சோறு தீட்டாகிவிட்டதோ என்றுதான் அழுதாள். அவனைக் கொட்டாரத்துக்கு நான் அழைத்துப் போனது அதற்குப் பிறகுதான்.

வகுப்பு, உணவகத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில் நடக்கிறது. நடத்துபவர் சர்தார்ஜியின் மனைவி. பிள்ளைகள் அவரை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். சீக்கிய மறைநூலான குரு கிரந்த சாகிபை உரிய மரியாதையோடு எழுந்தருளச் செய்ய அங்கே இடம் இல்லை என்பதால், அன்றாடப் பிரார்த்தனை நூலை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி உயரமான பலகையில் வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நாங்கள் போன முதல் ஞாயிறன்று பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஏழு வயதுச் சிறுமி முதல் என் தங்கை மகன் வரை. அவன் எடுத்த எடுப்பிலேயே, மீன் உண்டால் சீக்கியனாக முடியாதா என்று கேட்டான்.

டீச்சர் சொன்ன பதில் அப்படியே நினைவில் நிற்கிறது: "மீனைப் பத்திப் பொறவு பேசுவோம் மக்களே. அந்த மீன வாங்குன காசு எப்பிடி வந்துதுன்னு மொதல்ல சொல்லு." அதன் பிறகு பாய் லாலோவின் கதையைச் சொன்னார். மரபு சொல்லும்படி, குரு நானக் (1469–1539) சைத்பூரில் தச்சர் லாலோவின் வீட்டில் தங்கி அவருடைய காய்ந்த ரொட்டியை உண்டார். அவ்வூர்ச் செல்வர் மாலிக் பாகோ வைத்த விருந்துக்குப் போகவில்லை. காரணம் கேட்டு பாகோ சினந்தபோது, இருவர் வீட்டு ரொட்டியையும் இரு கைகளில் எடுத்துப் பிழிந்தார். லாலோவின் ரொட்டியிலிருந்து பால் சொட்டியது, பாகோவின் ரொட்டியிலிருந்து இரத்தம் வடிந்தது. பிறர் உழைப்பைச் சுரண்டிச் சமைத்தது சைவமே ஆனாலும் அதில் இரத்தம் இருக்கிறது என்பதைச் சிறுமிக்கும் விளங்கும்படி அவர் சொன்ன விதம் அருமை. இறைவன் பெயரை நினைப்பது, நேர்மையாக உழைத்து உண்பது, பகிர்ந்து உண்பது என்ற மூன்றும் முதலில்; விலக்குகள் அதற்குப் பிறகு என்பதுதான் அவருடைய பாட வரிசை. எந்த உணவு உடலை வருத்தி மனத்தில் தீய எண்ணங்களை எழுப்புகிறதோ அதன் இன்பம் கேட்டில் முடியும் என்று குரு நானக் பாடிய சிரீ ராகப் பாடலை, குரு கிரந்த சாகிபின் 16-ஆம் பக்கத்திலிருந்து அவர் பஞ்சாபி எழுத்தான குர்முகியில் வாசித்துத் தமிழில் பொருள் சொன்னார்.

மீன் பற்றிய கேள்விக்கும் பிறகு வந்தார், நழுவவில்லை. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 1945-இல் இறுதி செய்த ரெஹத் மரியாதா என்னும் நடத்தை நெறிநூல், அமிர்தம் ஏற்ற (முறைப்படி தீட்சை பெற்ற) சீக்கியர் செய்யக் கூடாத நான்கு பெருங்குற்றங்களைச் சொல்கிறது: முடியை நீக்குவது, குட்டா இறைச்சி உண்பது, பிறன்மனை சேர்வது, புகையிலை பயன்படுத்துவது. குட்டா என்பது ஹலால் முறைப்படி அறுத்த இறைச்சி. ஒரே வெட்டில் வீழ்த்தும் ஜட்கா இறைச்சியை அந்த நெறிநூல் தடுக்கவில்லை. ஆனால் சீக்கியப் பிரிவினரில் நாம்தாரிகளும் தம்தமி தக்சால் வழியினரும் அகண்ட கீர்த்தனி ஜத்தாவினரும் இறைச்சியை அறவே ஒதுக்குகிறார்கள். போர்வீரர் மரபினரான நிஹங்குகளிடையே ஆட்டை ஜட்கா முறையில் வெட்டி உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இவர்கள் அனைவரும் குரு கிரந்த சாகிபைப் போற்றுகிறார்கள். நூலிலும் இரு பக்கத்துக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். இறைச்சி இறைச்சி என்று மூடர்கள் சண்டையிடுகிறார்கள், ஞானமும் தியானமும் அவர்கள் அறிவதில்லை என்று குரு நானக் கூறுவது 1289-ஆம் பக்கத்தில் இருக்கிறது. பங் என்னும் கஞ்சாப் போதையும் மீனும் மதுவும் கொள்பவர் செய்த யாத்திரையும் விரதமும் அனைத்தும் வீணாகும் என்று கபீர் கூறுவது 1377-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

டீச்சர் இந்த இரண்டு இடங்களையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி வைத்தார். கபீரின் வரியை மீன் உணவுக்கே எதிரானதாகப் படிப்பவர்களும், போதையும் கேளிக்கையுமாகத் திரிந்துவிட்டுப் புண்ணியம் தேடுவோரைக் கண்டிப்பதாகப் படிப்பவர்களும் உண்டு என்று இரண்டு வாசிப்புகளையும் சொன்னார். தாம் இரண்டாவதையே ஏற்பதாகவும், முதலாவதை ஏற்று மீனை விடுபவரை மதிப்பதாகவும், எப்படி விட்டாலும் அம்மாவின் தட்டைத் தள்ளுவதற்கு அந்த வரியில் இடமில்லை என்றும் சொல்லி நிறுத்தினார். நாங்கள் வீட்டுக் கதை எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சமயம் கற்பிப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான். கருத்து வேறுபாட்டை மறைத்து ஒரே விடையை மனப்பாடம் செய்ய வைத்தால், அந்தப் பிள்ளை வெளியே போய் வேறொரு விடையைக் கேட்கும் நாளில், கற்ற அனைத்தின்மீதும் ஐயம் கொள்ளும்.

வகுப்பின் பின்பாதி குர்முகி எழுத்துக்குரியது. 35 எழுத்துகளையும் கற்றால்தான் பாடல்களைத் திருத்தமாக ஓத முடியும் என்பதில் டீச்சர் உறுதியாக இருக்கிறார். தமிழில் எழுதி வைத்துப் படிக்க விடுவதில்லை. குர்முகியில் நான்கு தனி எழுத்துகள் குறிக்கும் நான்கு ஒலிகளுக்கும் தமிழில் 'ப' ஒன்றுதான் என்பதைக் கேட்ட பிறகு அவர் பக்கம் நியாயம் இருப்பது புரிந்தது. ஏழு வயதுச் சிறுமி வாயெதிரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூச்சுக் காற்று கையில் படுகிறதா என்று சோதித்தபடியே அந்த நான்கையும் சொல்லிக் காட்டினாள்.

பகல் 12 மணிக்கு லங்கர். அதற்கு முன் அர்தாஸ் என்னும் கூட்டு வேண்டுதலைச் சொல்லிக் கடா பிரசாதம் கொடுக்கிறார்கள். அது செய்யப்படுவதை இரண்டாவது ஞாயிறு அடுக்களையில் நின்று பார்த்தேன். ஒரே நாழியால் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் சம அளவாக அளக்கிறார்கள். நெய்யில் மாவு பொன்னிறமாகி, மணம் எழுந்ததும் கொதிக்கும் சர்க்கரை நீரை ஊற்றுகிறார்கள். உருளி சீறி அடங்குகிறது. பிறகு நெய் பிரிந்து ஓரத்தில் மின்னும் வரை கை ஓயாமல் கிளற வேண்டும். அன்று கிளறியவர் பொங்கலூட்டுக்குப் பாயசம் கிளறிப் பழகிய உள்ளூர்ச் சமையல்காரர். இரு கைகளையும் சேர்த்து ஏந்தித்தான் அதை வாங்க வேண்டும், ரொட்டியையும் அப்படித்தான். பரிமாறுபவர்கள் "பர்ஷாதா ஜி" (ரொட்டி), "தால் ஜி" என்று சொல்லிக்கொண்டே பந்தியில் வருகிறார்கள்.

இரண்டாம் குருவான அங்கதரின் துணைவியார் மாதா கீவி நெய் சேர்த்த பாயசம் பரிமாறியதைக் குரு கிரந்த சாகிபே குறிப்பிடுகிறது என்பதால், இங்கே ஞாயிறுதோறும் கீர் உண்டு. அதோடு சம்பா அரிசிச் சோறும் அவியலும் வைத்திருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. தம்மைக் காண வருபவர் முதலில் பந்தியில் அமர வேண்டும் என்று மூன்றாம் குருவான அமர்தாசர் வகுத்த வழியை விளக்க, டீச்சர் தொலைவுக்குப் போகவில்லை. பக்கத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரையும் ஒரே முத்திரிக்கிணற்றில் நீராடச் செய்து, ஒன்றாக அமர்ந்து உண்ண வைத்ததையும், இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டியே பதி என்னும் அவர் வழிபாட்டிடத்துக்குள் செல்வதையும் சொன்னார். இரண்டும் தனித்தனி நெறிகள், ஒன்றை மற்றதோடு குழப்பக் கூடாது என்று உடனே சேர்த்துச் சொன்னதையும் பாராட்டுகிறேன். பந்தியில் எனக்கு இடப்பக்கம் லூதியானா லாரி ஓட்டுநர், வலப்பக்கம் கோட்டாற்றிலிருந்து வந்திருந்த ஓர் இசுலாமியப் பெரியவர், எதிர் வரிசையில் என் தங்கை. லங்கருக்குக் காசு வாங்குவதில்லை. ஏதாவது செய்ய விரும்பினால் பாத்திரம் கழுவலாம், தங்கை கழுவினாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விவேகானந்தர் பாறைக்கு வரும் சுற்றுலாப் பேருந்து ஒன்று நின்றுவிட்டால் தந்தூர் ஈடுகொடுப்பதில்லை. ஒருமுறை ரொட்டிக்கு 40 நிமிடம் காத்திருந்தோம், வந்ததும் ஆறியிருந்தது. மாலை 4 மணிக்கு மேல் தந்தூர் ரொட்டியே கிடையாது, தவா ரொட்டிதான். இதைப் பலகையில் எழுதி வைக்கலாம். வகுப்பு நடக்கும் தாழ்வாரத்தில் லாரிச் சத்தம் பாதிப் பேச்சை விழுங்குகிறது. பங்குனி சித்திரையில் அந்தத் தகரக் கூரையின் கீழ் சிறு பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள் என்று கவலையாக இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைகளையும் இருபது வயது இளைஞர்களையும் ஒன்றாக வைப்பதால், குருக்கேத்திரத்தில் கிரகண நாளன்று குரு நானக் மான் இறைச்சி சமைத்ததாகச் சொல்லப்படும் கதையையும் அதன் தொடர்பான விவாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்த சிறுவர்கள் அலுத்துப் போனார்கள். எழுத்துப் பாடம் குர்முகியில் இருப்பது சரி. ஆனால் பாடல்களின் பொருளாவது தமிழில் அச்சிட்டுக் கையில் தரப்பட வேண்டும். வாரம் ஒருமுறை வாயால் கேட்டது வெள்ளிக்கிழமைக்குள் மறந்துவிடுகிறது.

உணவகம் காலை 11 முதல் இரவு 9:30 வரை, செவ்வாய் விடுமுறை. வகுப்பு ஞாயிறு காலை 10 முதல் 11:30 வரை, கட்டணம் இல்லை, எச்சமயத்தவரும் உட்காரலாம். புகையிலை, மது வாசனையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் ஞாயிறன்று பத்து மணிக்கே போய்விடுவது நல்லது.

தங்கை மகன் மீன் உண்பதை விட்டது விட்டதுதான். அது அவன் முடிவு. இப்போது அம்மாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து, நெத்திலிச் சட்டிக்குப் பக்கத்திலேயே தன் புளிக்கறியையும் மரச்சீனிக் கிழங்கையும் வைத்து உண்கிறான். தமிழ்க் குறிப்பு இல்லாத குறையை டீச்சரிடம் சொன்னபோது அவர் அவனையே எழுதச் சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டில் பாடல், சொற்பொருள், தெளிவுரை என்று எழுதிக்கொண்டிருக்கிறான். 16-ஆம் பக்கப் பாடல் முடிந்திருக்கிறது.