வசந்த காலத்தில் நீச்சல் தடாகத்தை முழுதாக இறைக்க விடாதீர்கள்

கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருப்பது 16 அடிக்கு 32 அடி அளவான, வினைல் லைனர் எனும் பிளாஸ்டிக் விரிப்பை உட்புறம் விரித்த நீச்சல் தடாகம். மே மாத நடுப்பகுதியில் குளிர்கால மூடியைக் கழற்றியபோது தண்ணீர் பாசி பிடித்துக் கடும்பச்சையாக இருந்தது. தமிழ்க் கடையில் எடுத்த துண்டுப்பிரசுரத்தை நம்பி, அதைத் துப்புரவாக்கித் தர 450 டொலர் கேட்ட நிறுவனம் ஒன்றுக்கு முற்பணம் கொடுத்தேன்.

வந்த தம்பி தண்ணீரைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணை, இதை முழுக்க இறைச்சுக் கழுவினால்தான் சரிவரும்" என்றார். ஊரில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது நியாயமாகவே பட்டதால், மேலதிகமாக 280 டொலருக்கும் சம்மதித்தேன்.

மறுநாள் காலை, வெறுமையான தடாகத்தின் நடுவில் லைனர் மேலெழும்பி நின்றது. இறங்கிக் காலால் அழுத்தினேன். அடியில் தண்ணீர் தளம்பியது. ஆழம் குறைந்த பக்கத்து மூலையில் லைனரின் விளிம்பு சட்டத்திலிருந்து கழன்று, ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

லைனரை நிலத்தோடும் சுவரோடும் அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரமே. பனி உருகி, மழையும் பெய்து நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் வசந்த காலத்தில் அந்தப் பாரத்தை அகற்றினால், கீழிருந்து வரும் நீர் லைனரைத் தூக்கிவிடும். பழைய லைனராயின் காய்ந்து சுருங்கிக் கிழியவும் செய்யும். இத்தொழில் செய்பவருக்கு இது தெரியாதிருக்க முடியாது என்பதே என் வேதனை. நிறுவனமோ பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டிப் பொறுப்பை மறுத்துவிட்டது. புதிய லைனருக்கு 5,600 டொலர் செலவானது.

அதைப் பொருத்த வந்த முதியவர்தான், பச்சைத் தண்ணீரை இறைக்கவே தேவையில்லை என்று விளக்கினார். இலைகளை வலையால் அள்ளி, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் கொண்டுவந்து, திரவ குளோரீனைத் தாராளமாக இட்டு, சுவர்களைத் தூரிகையால் தேய்த்து, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். குளோரீனைக் காக்கும் சயனூரிக் அமிலம் அளவுக்கு மீறியிருந்தால் மட்டும், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் போதும்.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன், தண்ணீரைச் சோதிப்பார்களா, இறைப்பார்களா, லைனர் பழுதானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.