ராஸ்பெரி பை டிவி ஹேட்: டிவி பார்க்க மட்டும் என்றால் வேண்டாம்

டிவி பார்க்கத்தான் என்றால் இது தேவையில்லை, பிரிட்டனில் இப்போது விற்கும் டிவிகளில் ஆன்டெனா வழி வரும் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 ட்யூனர் உள்ளேயே வருகிறது. 2018-இல் வெளியான இந்தச் சின்ன போர்டில் சோனியின் சிஎக்ஸ்டி2880 சிப் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் மேல் செருகி, ஆன்டெனா வயரை மாட்டி, டிவிஹெட்எண்ட் மென்பொருளைப் போட்டால் வீட்டில் எந்தக் கணினியிலும் சேனல் பார்க்கலாம், ரெக்கார்டும் செய்யலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் இதை வைத்திருப்பது, சிக்னல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க. லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்திலிருந்து பழைய டிவிபி-டி, புதிய டிவிபி-டி2 என்ற இரண்டு ஒளிபரப்பு முறைகளும் வருகின்றன. இரண்டுக்கும் அதே 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம்தான், ஆனால் பிபிசியின் சாதாரண சேனல்கள் வரும் மக்ஸில் (பல சேனல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் தொகுப்பு) நொடிக்கு 24 மெகாபிட், எச்டி மக்ஸில் 40! டிவிஹெட்எண்டின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆன்டெனாவை ஜன்னலிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்துங்கள். எஸ்என்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு) இறங்கிக்கொண்டே போகும், படம் அசையாது, அப்புறம் திருத்த முடியாத பிளாக்குகளின் எண்ணிக்கை ஏற ஆரம்பித்ததும் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். இரண்டு மக்ஸும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விழுகின்றன, கொஞ்சம் முன்னே பின்னே.

இரண்டு முறையும் சிக்னலை ஆயிரக்கணக்கான சிறு அலைகளாக, அதாவது கேரியர்களாகப் பிரித்து அனுப்புகின்றன, ஒவ்வொன்றின் நிலையையும் ஒரு புள்ளியாகக் குறிப்பதுதான் க்யூஏஎம். பழையதன் 64-க்யூஏஎம்மில் (64 புள்ளிகள்) ஒரு கேரியருக்கு 6 பிட், டி2-வின் 256-இல் 8. புள்ளிகள் நெருங்கினால் இரைச்சலில் ஒன்றோடொன்று குழம்பத்தான் வேண்டும், அதைத் தாங்கிப் பிடிப்பது எல்டிபிசி பிழைத்திருத்தம். எனக்கு அதைவிடப் பிடித்தது கார்டு இன்டர்வல் கணக்கு. கட்டடங்களில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலிக்காக இரண்டிலும் விடும் இடைவெளி அதே 28 மைக்ரோசெகண்ட். பழையதில் சிம்பலின் (ஒரு தடவை அனுப்பும் சிக்னல் துண்டு) நீளம் 896 மைக்ரோசெகண்ட், அதனால் 3 சதவீதம் வீண். டி2-வில் கேரியர்களை நான்கு மடங்காக்கி (32கே முறை) சிம்பலை 3584-க்கு நீட்டிவிட்டார்கள், இழப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. ஓடும் காரில் இந்த நீள சிம்பல் திணறும், கூரை ஆன்டெனாவுக்கு அந்தக் கவலை இல்லை.

குறை என்றால், ஒரே ட்யூனர், ஒரு நேரத்தில் ஒரு மக்ஸ்தான். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம், அங்கே ஏடிஎஸ்சி என்ற வேறு ஒளிபரப்பு முறை, இந்தச் சிப்புக்கு அது புரியாது. சிங்கப்பூர், மலேசியாவில் டிவிபி-டி2 என்பதால் தைரியமாக வாங்கலாம்.