எட்டுத் துடுப்புகளும் ஒரு தவறான சுழியமும்: டேமன் ஹில் 1996 ஹெல்மெட்டின் பாதி அளவு மாதிரி

டேமன் ஹில் 1996-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றபோது அணிந்திருந்த ஹெல்மெட்டின் பாதி அளவு மாதிரி என் மேசைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஹெல்மெட், அதை நிறுத்தி வைப்பதற்கான கறுப்பு அக்ரிலிக் பீடம், ஓட்டுநரின் பந்தய வாழ்க்கையைச் சொல்லும் மெல்லிய கையேடு. மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஹெல்மெட் அக்கறையோடு செய்யப்பட்டிருக்கிறது. கையேடு அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பீடத்திலோ பிழையையே வெள்ளை எழுத்தில் பொறித்து அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் ஹெல்மெட். பெட்டியிலிருந்து எடுத்த இரவில், விளக்கு வெளிச்சத்தில், இது வெறும் கறுப்பு என்றே எனக்குத் தோன்றியது. ஏமாந்துவிட்டோமோ என்றும் நினைத்தேன். மறுநாள் காலை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சற்றே சாய்த்துப் பிடித்தபோதுதான் அடியிலிருந்து கருநீலம் மேலே எழுந்து வந்தது. அன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் டேமனின் ஹெல்மெட்டைக் கறுப்பு என்றே நம்பிப் பல ஆண்டுகள் இருந்தவர்களில் நானும் ஒருவன். அது லண்டன் ரோயிங் கிளப்பின் கருநீலம். அதன் மேல் செங்குத்தாக நிற்கும் எட்டு வெள்ளைப் பட்டைகள் அந்தக் கிளப்பின் துடுப்புகள். சரியான நீலத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டுமல்லாமல், அதை வெளிச்சத்தில் மட்டுமே காட்டும் அளவுக்கு ஆழமாகப் பூசியிருப்பதற்காகவே இந்தத் தயாரிப்பாளருக்கு நான் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

இந்தத் துடுப்புகள் டேமனுடையவை அல்ல என்பது பலருக்குத் தெரிந்த செய்திதான். தந்தை கிரஹாம் ஹில் பந்தயக் கார்களுக்கு வருவதற்கு முன்பு தேம்ஸ் நதியில் படகு வலித்தவர். 1953-இல் ஹென்லி படகுப் போட்டியில் லண்டன் கிளப்பின் எட்டுப் பேர் கொண்ட படகில் இடம்பெற்றவர். ஓட்டுநர் உரிமம் பெறும்போதே அவருக்கு வயது 24. பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் சுற்றுக்கு 5 ஷில்லிங் கட்டினால் பந்தயக் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற விளம்பரத்தின் வழியாகத்தான் அவர் இந்த உலகத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்து 1962-லும் 1968-லும் உலகச் சாம்பியன், 1966-இல் இண்டியானாபொலிஸ் 500, 1972-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயம், மொனாக்கோவில் 5 வெற்றிகள் என்று அவர் ஏறிய உயரத்தை இன்றுவரை வேறு எந்த ஓட்டுநரும் முழுமையாக எட்டவில்லை. அந்த ஏற்றம் முழுவதிலும் அவர் தலையில் இருந்தது இந்தத் துடுப்புகளே. ஆகவே இதைப் ‘பந்தயக் குடும்பத்தின் சின்னம்’ என்று கையேடு அழைக்கும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது. இது கார்களையே அறியாத ஓர் இளைஞன் ஆற்றங்கரையிலிருந்து எடுத்து வந்த சின்னம்.

துடுப்புகளை ஒட்டுப்படமாக ஒட்டாமல் வண்ணமாகவே தீட்டியிருக்கிறார்கள். நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தால் இலேசாக ஒரு மேடு தட்டுப்படுகிறது. அதற்கு மேல் பூசிய பளபளப்புப் பூச்சு சீராக இருக்கிறது. ஒரு குறை உண்டு. பின்பக்கத்தில் இரண்டு துடுப்புகளுக்கு இடையிலான இடைவெளி மற்ற இடைவெளிகளைவிட ஒரு நூல் அகலமாக இருக்கிறது. முன்பக்கம் தெரியும்படி வைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் ஒருமுறை கண்டுவிட்ட பிறகு எனக்கு அது மட்டுமே தெரிகிறது. முகக்கண்ணாடி மூன்று நிலைகளில் ‘டக்’கென்று நின்று திறக்கிறது, சில மலிவான மாதிரிகளில் பார்ப்பதுபோல் தொங்கிப் போவதில்லை. அதன் இரு ஓரங்களிலும், அழுக்குப் படிந்ததும் கிழித்தெறியும் மெல்லிய ஏடுகளை மாட்டுவதற்கான சிறு குமிழ்கள்கூட இருக்கின்றன. உள்ளே துணி உறை, தாடைப்பட்டை, அதன் இரட்டை வளையம் எல்லாம் சரி. 1994 முதல் டேமனின் அணியான வில்லியம்ஸின் முதன்மை விளம்பரதாரராக இருந்த ராத்மன்ஸ் சிகரெட்டின் பெயர் எங்கும் இல்லை. புகையிலை விளம்பரங்களை மாதிரிப் பொருள்களில் தவிர்ப்பது இன்று பொதுவான வழக்கம் என்பதால் அதைக் குறையாக எழுத எனக்கு மனமில்லை.

கையேட்டுக்கு வருவோம். அதன் முதல் பக்கம் கிரஹாமின் மடியில் சிறுவன் டேமன் என்று தொடங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் அவர் வில்லியம்ஸ் காரில் அமர்ந்துவிடுகிறார். குலவித்தை கல்லாமல் வரும் என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனியிலேயே முழுவதும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் நடந்தது நேர் எதிரானது. இந்த ஹெல்மெட்டின் மதிப்பே கையேடு தாண்டிக் குதித்த அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

கிரஹாம் ஓட்டுநராக ஓய்வு பெற்ற அதே 1975-ஆம் ஆண்டு, நவம்பர் 29 அன்று, பிரான்ஸில் காரைச் சோதித்துவிட்டுத் தம் அணியினரோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரே ஓட்டி வந்த சிறு விமானம் லண்டனுக்கு வடக்கே ஆர்க்லி என்ற இடத்தில் மூடுபனியில் விழுந்து நொறுங்கியது. இளம் ஓட்டுநர் டோனி பிரைஸ் உட்பட அதில் இருந்த ஆறு பேரும் இறந்தனர். டேமனுக்கு அப்போது வயது 15. விமானம் தொடர்பான பதிவுகளும் உரிமங்களும் முறையாக இல்லாததால் காப்பீடு கைகொடுக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் சேர்ந்துகொள்ள, ஹில் குடும்பம் தன் பெரிய வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இரு முறை உலகச் சாம்பியனான ஒருவரின் மகன் கட்டட வேலைக்குப் போனார். லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார். பந்தயத்தையும் அவர் இரு சக்கரத்தில்தான் தொடங்கினார். தாய் பெட் ஹில் அதன் ஆபத்தை நினைத்து அஞ்சி, 1983-இல் பிரான்ஸின் மான்யி-கூர் தடத்தில் இருந்த வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்கு மகனை அனுப்பிய பிறகே நான்கு சக்கரத்துக்கு மாறினார். மகனின் உயிரைக் காப்பதற்காகத் தாய் கார் பந்தயத்துக்கு அனுப்பியது என்பது வேறு எந்த வீட்டிலும் கேட்டிராத செய்தியாக இருக்கும். கையேட்டில் பெட் ஹில்லின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. என் பார்வையில் இந்தத் தொகுப்பின் பெரிய குறை இதுதான். துடுப்பு இடைவெளியெல்லாம் இதற்குப் பிறகே.

அதன் பிறகும் பாதை விரைவானதாக இல்லை. ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருந்த ஃபார்முலா 3000-இல் 1989 முதல் 1991 வரை ஓட்டியும் அவருக்கு ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. 1992-இல், ஜியோவன்னா அமாட்டிக்குப் பதிலாக, நிதியின்றித் தள்ளாடிக்கொண்டிருந்த பிரபாம் அணியில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 31. அந்தக் காரில் எட்டு முறை முயன்று இரண்டு முறை மட்டுமே பந்தயத்தில் தொடங்கும் தகுதியைப் பெற்றார். அந்த இரண்டாவது பந்தயமான ஹங்கேரியோடு பிரபாம் அணியே முடிந்துபோனது. அதே சமயத்தில் அவர் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராகவும் இருந்தார். பந்தய நாள்களில் வரிசையின் கடைசியில் இடம்பெறப் போராடியவர், மற்ற நாள்களில் உலகின் மிகச் சிறந்த காரை மைல் கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அணியில் 1992 பட்டத்தை வென்ற நைஜல் மான்செல் அமெரிக்காவுக்குப் போனதும் 1993-இல் வில்லியம்ஸ் டேமனையே அலன் புரோஸ்டுக்குத் துணையாக அமர்த்தியதற்குத் தந்தையின் பெயர் காரணமல்ல, அந்த மைல்களே காரணம். அந்த ஆண்டு பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் முன்னிலையில் இருக்கும்போது எஞ்சின் வெடித்தது. அடுத்து ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் இரண்டு சுற்றுகளே மீதமிருக்கும்போது டயர் கிழிந்தது. அதற்கடுத்த ஹங்கேரியில்தான் முதல் வெற்றி வந்தது. அதைத் தொடர்ந்து பெல்ஜியமும் இத்தாலியும் அடுத்தடுத்து வந்தன.

1994-ஐக் கையேடு இரண்டு பத்திகளில் முடிக்கிறது. அவையும் பெரும்பாலும் ஆண்டின் கடைசிப் பந்தயம் நடந்த அடிலெய்டில் பட்டத்துக்கான போட்டியாளர் மைக்கேல் ஷூமாக்கரோடு ஏற்பட்ட மோதலையும், பட்டம் 92-க்கு 91 என்று ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியதையும் பற்றியவை. அந்த மோதல் யார் தவறு என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை; அதை இங்கே கிளற வேண்டியதில்லை. ஆனால் மே 1 அன்று இமோலா பந்தயத்தில் வில்லியம்ஸின் முதன்மை ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா இறந்த பிறகு நொறுங்கிக் கிடந்த அணியை, அதே மாதம் 29 அன்று ஸ்பெயினில் வென்று நிமிர்த்தியது டேமன் என்பதைச் சொல்லாமல் விட்டது மன்னிக்க முடியாதது. 1968 ஏப்ரலில் அணித்தோழர் ஜிம் கிளார்க் இறந்தபோது லோட்டஸ் அணியை அவ்வாறே தோளில் சுமந்து, அடுத்த மாதமே ஸ்பெயினில் வென்றவர் கிரஹாம். இருபத்தாறு ஆண்டு இடைவெளியில், ஒரே நாட்டில், ஒரே துடுப்புகளுக்குக் கீழே, தந்தையும் மகனும் செய்த ஒரே வேலை அது. இந்த ஹெல்மெட்டோடு வரும் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் வேறு எது இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் தந்தைக்கு ஒருபோதும் வசப்படாத பிரிட்டிஷ் கிராண்ட் பிரியையும் மகன் வென்றார். தந்தை ஐந்து முறை வென்ற மொனாக்கோவோ மகனுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 1996-இல் அங்கே முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் புகைந்து நின்றது.

இனிப் பீடம். அதன் முகப்பில் பெரிய வெள்ளைச் சுழியம் ஒன்று இருக்கிறது. டேமன் ‘0’ எண்ணுள்ள காரை ஓட்டியது உண்மைதான், ஆனால் அது 1993-லும் 1994-லும். எண் 1 நடப்புச் சாம்பியனுக்கே உரியது என்பது அன்றைய விதி. மான்செல் பட்டத்தோடு வெளியேறினார். மறு ஆண்டு புரோஸ்டும் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். இரு முறையும் எண் 1-ஐ அணிய ஆளில்லாததால் வில்லியம்ஸுக்கு 0 கிடைத்தது. 1996-இல் அவர் ஓட்டிய எஃப்டபிள்யூ18 காரின் எண் 5. சுழியம் கண்ணுக்குக் கவர்ச்சியாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் நினைத்திருக்கலாம். ஆனால் சாம்பியன் ஆண்டின் ஹெல்மெட்டைப் பட்டத்தை இழந்த ஆண்டின் எண்ணின் மேல் நிறுத்தி வைப்பது பெயர் மாறிப்போன திருமண அழைப்பிதழ் போன்றது. விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன். எல்லாப் பெட்டிகளிலும் அப்படியே வருகிறது என்று பதில் வந்தது. அதை அவர்கள் சமாதானமாகவே சொன்னார்கள்.

1996-ஐப் பொறுத்தவரை கையேடு நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆண்டைக் கெடுத்து எழுதுவது கடினம். 16 பந்தயங்களில் 8 வெற்றிகள். எல்லாப் பந்தயங்களிலும் முதல் வரிசையிலேயே தொடக்கம். துணை ஓட்டுநராக வந்த ழாக் வில்நெவ்வும் மறைந்த பந்தய வீரர் ஜில் வில்நெவ்வின் மகன். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அடுத்த ஆண்டு தமக்கு அந்த அணியில் இடமில்லை, ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்ஸன் வருகிறார் என்ற செய்தியை டேமன் கேட்க வேண்டியிருந்தது. அதைச் சுமந்துகொண்டே அக்டோபர் 13 அன்று ஜப்பானின் சுசூகாவில் பந்தயத்தையும் பட்டத்தையும் சேர்த்து வென்றார். நேர்முக வர்ணனையாளர் மர்ரி வாக்கர் தொண்டை அடைத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டது அந்தக் கணத்தில்தான். உலகச் சாம்பியனின் மகன் உலகச் சாம்பியனானது அதுவே முதல் முறை. இருபது ஆண்டு கழித்து 2016-இல் கேகே ரோஸ்பர்க்கின் மகன் நிக்கோ அதைச் செய்யும்வரை வேறு யாருக்கும் அது கைகூடவில்லை.

பிந்திய ஆண்டுகளுக்குக் கையேடு ஒரே பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அது போதும் என்றே நினைக்கிறேன். 1997-இல் பலவீனமான ஆரோஸ் காரில் ஹங்கேரியில் கடைசிச் சுற்றுவரை முன்னிலையில் இருந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கியது, 1998-இல் மழை கொட்டிய ஸ்பாவில் ஜோர்டன் அணிக்கு அதன் முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தது, 1999-இன் இறுதியில் 22 வெற்றிகளோடு விடைபெற்றது ஆகியவற்றைப் பிழையின்றிச் சொல்கிறது.

சேகரிப்பாளர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஹெல்மெட்டுக்காக மட்டும். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் கையேட்டை எடுத்துவிட்டு, அந்தக் கதையை நீங்களே வாயால் சொல்லிக் கொடுப்பது நல்லது. நேரடி வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று பெட்டியில் எச்சரித்திருக்கிறார்கள். நான் காலையில் மட்டும் சிறிது நேரம் ஜன்னலருகே நகர்த்தி, நீலம் தெரிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். பீடத்தின் பின்புறத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்பதால் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். சுழியம் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.